எதிர்ப்படமின்றி நேர்ப்படம்



கண்ணுக்குரிய கலையொன்றைப் பற்றிச் செவிக்கு மட்டுமே எட்டும் வானொலியிற் பேசுவது சற்று விந்தையான முயற்சிதான். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் படத்தின் அழகன்று. கறுப்பு வெள்ளைப் படமொன்று உருவாகும் வகையாகும். அது நிகழும் இடம் இருட்டறை. அங்கே படங் கழுவுகின்றவருங்கூட எதனையும் காண்பதில்லை. கைகளின் பழக்கத்தையும் கடிகாரத்தின் ஓசையையும் நம்பியே அவர் வேலை செய்கின்றார். ஆதலின், காணாது கேட்டறிவதில் நேயர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

நிழற்படம் பிடித்தோர் யாவரும் அறிந்தது எதிர்ப்பட முறை. கமெராவினுட் சென்ற சுருளைக் கழுவியெடுத்தால், வெண்மையானவை கருமையாகவும் கருமையானவை வெண்மையாகவும் மாறிக் கிடக்கும். 'நெகற்றிவ்' என்று வழங்கும் அந்த எதிர்ப்படத்தினூடாக ஒளியைச் செலுத்தி, வேறொரு தாளிலோ சுருளிலோ மறுபடியும் பதித்தாற்றான் நேர்ப்படம் கிட்டும். ஒரு படத்துக்கு இரண்டு பரப்புக்களும் இரண்டு கழுவல்களும் வேண்டும்.

ஆனால் மற்றொரு முறையும் உண்டு. அதிற் கமெராவினுட் சென்ற அதே சுருள்தான் கழுவி முடிந்ததும் நேர்ப்படமாக வெளிவருகின்றது. அதனை அப்படியே ஒளியெறி கருவியிற் பூட்டித் திரையில் ஓட்டலாம். ஆங்கிலத்தில் 'றிவேர்சல்' என்று பெயர்பெற்ற இதனை நாம் நேர்மாற்று முறை என்று சொல்வோம். அவ்வாறாயின் இடையில் இருந்திருக்க வேண்டிய எதிர்ப்படம் எங்கே போயிற்று? இம்முறையிற் பெறும் படம் குறுணல் குறைந்து மென்மையாக இருப்பதற்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களும் தனித்தனியானவைபோலத் தோன்றினும் இரண்டுக்கும் விடை ஒன்றே. அவ்விடையை நாடிச் செல்வோம்.

முதலில் வரலாற்றிற் சிறிது. பிரான்சிய தேசத்து லூமியேர் சகோதரர் 1907ஆம் ஆண்டில் வர்ணப் படத்தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். சாயந் தோய்த்த உருளைக்கிழங்கு மாப்பொருளின் நுண்ணிய மணிகளின் மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படப்பூச்சு இருந்தது. அப்பூச்சு நேர்மாற்று முறையாலேயே கழுவப்பட்டது. ஆயினும் இம்முறை உலகெங்கும் வீடுகளுக்குட் புகுந்தது 1923ஆம் ஆண்டின் பின்னரேயாகும். அமெரிக்காவில் றொச்செஸ்ரர் நகரத்துக் கொடக் நிறுவனம், சினிமாத் தொழிலாளர் அல்லாத சாதாரண மக்களுக்கென 16 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருளையும் அதற்கேற்ற கமெராவையும் அவ்வாண்டில் வெளியிட்டது. அச்சுருளைக் கழுவும் முறையை வகுத்தவர் அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஜோன் கப்ஸ்டாஃப் என்பவர்.

அவர் இம்முறையைத் தேர்ந்தமைக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. முதலாவது சிக்கனம். பட மாளிகைகளில் ஓடும் 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 சட்டகங்கள் அடங்கும். 16 மில்லிமீற்றர்ச் சுருளிலோ ஓரடிக்கு 40 சட்டகங்கள். நூறடிச் சுருளொன்றில் 4000 சட்டகங்கள். செக்கனுக்கு 16 சட்டகம் வீதம் ஓட்டினால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். எதிர்ப்படத்துக்கு ஒரு சுருள், நேர்ப்படத்துக்கு ஒரு சுருள் என்று வாங்க வேண்டியதின்றி ஒன்றோடு முடிந்துவிடுவதாற் செலவு மேலுங் குறைந்தது. இரண்டாவது நோக்கம், நாம் பேசப்போகின்ற குறுணல். 16 மில்லிமீற்றர்ச் சுருளின் சட்டகம் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் அகலமே உள்ளது. அதனை ஒரு மீற்றர் அகலமான திரையில் விழுத்தினால் அகலத்தில் நூறு மடங்கும் பரப்பிற் பதினாயிரம் மடங்கும் பெருக்கமடைகின்றது. சுருளில் இருக்கும் எந்தச் சிறு குறையும் அந்த அளவுக்குப் பெருத்துத்தானே தோன்றும்! ஆகவே சிறிய சுருளுக்கு நுண்ணிய படம் இன்றியமையாததாயிற்று. 1932ஆம் ஆண்டில் 8 மில்லிமீற்றர் முறை வந்தபோது சட்டகம் முன்னையதிற் காற்பங்காகச் சிறுத்தது. தேவையோ இன்னும் கூடிற்று.

இனிப் படச்சுருளின் பூச்சைப் பார்ப்போம். ஒளியுணரும் பொருள் வெள்ளிப் புரோமைட்டு. அது மிக நுண்ணிய பளிங்குகளாகச் செலற்றீன் என்னும் பசையிற் பரவி நிற்கின்றது. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து காய்ச்சியெடுக்கும் இப்பசையை 1871ஆம் ஆண்டில் ஒளிப்படத் தகட்டுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் றிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர். இதிலே ஒரு புதுமையுண்டு. ஒரு தொகுதிச் செலற்றீன் ஒளியை நன்கு உணரும் படத்தைத் தரும். இன்னொரு தொகுதி அவ்வாறு தராது. காரணம் பல்லாண்டுகள் விளங்கவில்லை. கொடக் ஆய்வுகூடத்துச் சாமுவேல் ஷெப்பாட் 1925ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மாடுகள் மேய்ந்த கடுகினப் பூண்டுகளில் இருந்த கந்தகச் சேர்வைகள் சிறிதளவு செலற்றீனிலும் தங்கி, வெள்ளிப் புரோமைட்டின் உணர்திறனை மிகுவித்தன என்பதே அவர் கண்ட உண்மை. மாடு மேய்ந்த புல்லுக்கும் மனிதன் பிடித்த படத்துக்கும் தொடர்பிருக்கும் என்று முன்னர் யார் எண்ணியிருப்பார்!

பளிங்குகள் யாவும் ஒரே பருமன் உடையன அல்ல. மைக்றோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் ஐந்திலொரு பங்களவான பளிங்குகளும் உண்டு. ஒரு மைக்றோனுக்கு மேற்பட்டனவும் உண்டு. கமெராவின் கதவு இமைப்பொழுது திறக்கின்றது. ஒளி படுகின்றது. ஒளி பட்ட பளிங்கினுள்ளே சில வெள்ளி அயன்கள் வெள்ளி அணுக்களாக மாறி ஓரிடத்திற் கூடுகின்றன. இது நிகழும் வகையைக் கேர்ணி, மொற் என்னும் இரு பௌதிக அறிஞர் 1938ஆம் ஆண்டில் விளக்கினர். ஏறக்குறைய நான்கு அணுக்கள் ஓரிடத்திற் கூடினாற் போதும். அப்பளிங்கு கழுவலின்போது வெள்ளியாகும் தகுதியைப் பெற்றுவிடும். அந்த நிலையிற் கண்ணுக்கு எதுவும் புலனாகாது. ஆகையால் அதனை உள்ளுறை படம் என்று கூறலாம்.

இங்கே ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பளிங்கு பெரிதாயினும் சிறிதாயினும் அதற்கு வேண்டிய அணுக்களின் தொகை பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் ஒளியைப் பிடிக்கும் ஆற்றல் பருமனைப் பொறுத்தது. முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு சிரட்டையையும் அருகருகே வைத்திருக்கின்றோம் என்று கொள்வோம். சிறு தூறல் ஒன்று பெய்து ஓய்கின்றது. வாயகன்ற அண்டாவினுள்ளே பல துளிகள் விழுந்திருக்கும். சிரட்டையில் ஒன்றிரண்டு விழுந்திருக்கலாம். ஒன்றும் விழாமலும் போயிருக்கலாம். நான்கு துளி விழுந்த பாத்திரத்துக்கே பரிசு என்று வைத்தாற் பரிசு பெறுவன பெரும்பாலும் அண்டாக்களே. ஒளியின் தூறலிலும் அவ்வாறே பெரிய பளிங்குகள் முந்திக்கொள்கின்றன. விரைவாக ஒளியுணரும் சுருள்கள் குறுணல் மிக்கனவாக இருப்பதன் காரணமும் இதுவே. இவ்வுண்மையை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, கழுவும் கரைசலுக்கு வருவோம்.

'டெவலப்பர்' என்று எல்லாரும் அறிந்த இக்கரைசலை உருத்துலக்கி என்பது பொருத்தமாகும். உள்ளுறை படத்தை வெளியுருவாக்குவதே அதன் தொழில். நான்கு வெள்ளி அணுக்கள் பெற்ற பளிங்கை அது நாடிச் சென்று, அந்த அணுக்கூட்டத்தையே வாயிலாகக் கொண்டு, பளிங்கு முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகின்றது. ஒரு மைக்றோன் பருமனுள்ள பளிங்கில் வெள்ளி அயன்கள் ஆயிரங்கோடி அளவினவாகும். நான்கு அணுக்கள் செய்த குறிப்பை ஏற்று ஆயிரங்கோடி அயன்கள் உருமாறுகின்றன. இத்துணைப் பெருக்கத்தைத் தருவது வேறொன்றும் அன்று. ஒரு கிண்ணத்துக் கரைசலே.

நேர்மாற்று முறைக்கெனக் கொடக் நிறுவனத்தார் வெளியிட்ட டி-67 என்னும் சூத்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். ஓர் இலீற்றர் கரைசலில் மெற்றோல் 2 கிராம், ஐதரோகுவினோன் 8 கிராம், சோடியம் சல்பைற்று 90 கிராம், சோடியம் காபனேற்று 50 கிராமுக்குச் சற்று மேல், பொற்றாசியம் புரோமைட்டு 5 கிராம், சோடியம் தயோசயனேற்று 2 கிராம் என்பன அடங்கும். பெயர்கள் நீண்டனவாயினும் இவற்றின் தொழில்கள் எளியவை.

மெற்றோலும் ஐதரோகுவினோனுமே உருவைத் துலக்குவன. இவை தனித்தனி நின்று செய்யும் வேலைகளைக் கூட்டினால் வரும் பயனிலும், சேர்ந்து நின்று செய்யும் பயன் மிகப் பெரிது. மெற்றோல் பளிங்கிடஞ் சென்று தன் இலத்திரனைக் கொடுத்துத் தளர்ந்து திரும்பும். பின்னால் நிற்கும் ஐதரோகுவினோன் அதனைப் புதுப்பித்து மறுபடி அனுப்பும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முன்னாளிலே துலா மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் சேர்ந்து நீரிறைத்ததை இதற்கு உவமை கூறலாம். ஒருவர் மட்டும் நின்றால் வாய்க்காலில் நீர் ஓடாது. 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இல்போட் நிறுவனத்தைச் சேர்ந்த கென்டல் என்பவர் பெனிடோன் என்னும் பொருளின் துலக்குந் திறனைக் கண்டறிந்த பின்னர், மெற்றோலுக்குப் பதிலாக அதனையும் வழங்கி வருகின்றனர்.

சல்பைற்று, காற்றிலுள்ள ஒட்சிசனாற் கரைசல் கெடாது காக்கின்றது. காபனேற்று காரத்தன்மையை அளித்து வேலையை விரைவுபடுத்துகின்றது. புரோமைட்டு கடிவாளம் போன்றது. ஒளிபடாத பளிங்குகளிலே துலக்கி கைவைக்காதவாறு அது தடுக்கின்றது. தயோசயனேற்று வெள்ளிப் புரோமைட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்க வல்லது. உருத்துலக்கியினுள்ளே கரைப்பான் ஒன்று எதற்காக என்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்பொழுது குறுணலுக்கு வருவோம். படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும்போது வானத்திலும் கன்னத்திலும் மணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்புத் தோன்றுமே, அதுதான் குறுணல். கண்ணுக்குத் தெரிவன தனித்தனி வெள்ளி மணிகள் என்று பலர் எண்ணுவர். தனிமணி அத்துணை எளிதிற் கண்ணுக்கு அகப்படாது. மணிகள் பூச்சின் ஆழத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. ஓரிடத்திற் பல சேர்ந்தும், அயலிலே இடைவெளி விட்டும் அமைகின்றன. அந்தக் கூட்டங்களையும் இடைவெளிகளையுமே கண் குறுணலாகக் காண்கின்றது. பெரிய மணிகள் மிகுந்திருந்தாற் கூட்டங்களும் பெரியனவாகும்.

எதிர்ப்பட முறையிற் குறுணலைக் குறைப்பதற்கு இரசாயன அறிஞர் கையாண்ட வழி, துலக்கியை மென்மையாக்குவதாகும். 1920களின் பிற்பகுதியிற் கொடக் ஆய்வுகூடத்திலே தோன்றிய டி-76 என்னும் புகழ்பெற்ற கரைசல் இத்தகையது. அதனை ஆக்கியவரும் மேலே கூறிய கப்ஸ்டாஃப் என்பர். அதிலே சல்பைற்று இலீற்றருக்கு 100 கிராம். காரத்துக்கோ மென்மையான போராக்ஸ் 2 கிராம் மட்டுமே. வேலை மெதுவாக நடக்கும். சல்பைற்று மணிகளின் ஓரத்தைச் சிறிது அரித்து மென்மையாக்கும்.

அவ்வாறாயின் நுண்ணிய படம் வேண்டி நிற்கும் நேர்மாற்று முறைக்கும் டி-76 போன்ற மென்மையான துலக்கியே உகந்ததென்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் நான் வாசித்துக் காட்டிய டி-67 அதற்கு நேரெதிரானது. காரம் மிக்கது, வேகம் மிக்கது, எதிர்ப்படம் ஒன்றை அதிற் கழுவினாற் குறுணல் வெளிப்படையாகத் தெரியும். நுண்மையை நாடிச் செல்பவர் முரடான துலக்கியை எடுப்பது ஏன்? இதற்கு விடை காண, படிமுறைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதற்படி: சுருள் இருட்டிலே முதல் உருத்துலக்கியில் அமிழ்கின்றது. ஒளி பட்ட பளிங்குகள் வெள்ளியாகின்றன. இப்போது சுருளில் இருப்பது ஓர் எதிர்ப்படம். எதிர்ப்பட முறையில் இதன்பின் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேற்றில் இட்டு, ஒளிபடாத வெள்ளிப் புரோமைட்டை அகற்றுவார்கள். இங்கே அவ்வாறு செய்வதில்லை.

இரண்டாம்படி: நன்றாக நீரில் அலசியபின், பொற்றாசியம் இருகுரோமேற்றும் சல்பூரிக்கமிலமுங் கலந்த செம்மஞ்சட் கரைசலிற் சுருளை இடுகின்றனர். இலீற்றருக்கு இருகுரோமேற்று 9.5 கிராமும் செறிந்த அமிலம் 12 மில்லிலீற்றரும் என்பது வழமையான அளவு. இக்கரைசல் வெள்ளியைக் கரைத்துவிடும். வெள்ளிப் புரோமைட்டைத் தீண்டாது. எதிர்ப்படம் எங்கே போயிற்று என்று தொடக்கத்தில் வினவினோம் அல்லவா? அது இந்தக் கரைசலிலேதான் கரைந்துபோகின்றது.

மூன்றாம்படி: சுருளிற் படிந்த மஞ்சட் கறையைச் சல்பைற்றுக் கரைசலிற் போக்குகின்றனர். நான்காம்படி: விளக்கை ஏற்றுகின்றனர். இதுவரை ஒளியிலிருந்து காத்த சுருளை இப்போது வேண்டுமென்றே வெளிச்சத்திற் காட்டுகின்றனர். எஞ்சியுள்ள பளிங்குகள் அனைத்தும் ஒளியை ஏற்கின்றன. ஐந்தாம்படி: இரண்டாம் உருத்துலக்கி அவை எல்லாவற்றையும் வெள்ளியாக்குகின்றது. பின்னர் ஹைப்போ, அலசல், உலர்த்தல். ஒளி மிகுந்து பட்ட இடத்திற் பளிங்குகள் முதலிலேயே போய்விட்டமையால் அவ்விடம் தெளிவாக நிற்கும். ஒளி படாத இடத்திற் பளிங்குகள் நிறைய எஞ்சியமையால் அவ்விடம் கருமையாகும். வெள்ளை வெள்ளையாகவும் கறுப்புக் கறுப்பாகவும் நேர்ப்படம் அமைந்துவிட்டது.

இனி, ஒரு பக்கத்தில் வைத்த அண்டாவையும் சிரட்டையையும் மீண்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் ஒளியைப் பிடித்து வெள்ளியானவை பெரும்பாலும் பெரிய பளிங்குகள். அமிலக் கரைசலிற் கரைந்து போனவையும் அவையே. எஞ்சி நின்று படமாக அமைந்தவை பெரும்பாலும் சிறியவை. மீனவர் வலையிற் பெரிய மீன்கள் அகப்பட்டுக் கரைசேர, சிறு மீன்கள் நீரிலே எஞ்சுகின்றன. எதிர்ப்படம் பெரு மீன்களால் ஆனது. நேர்மாற்றுப் படமோ சிறு மீன்களால் ஆனது. மேலும், வெளிறிய வானம், முகம் போன்ற பகுதிகளில் எஞ்சும் வெள்ளி மிகச் சொற்பம். இடையில் இன்னொரு சுருளிற் பதிப்பதும் இல்லை. எதிர்ப்படம் எங்கே போயிற்று என்ற வினாவுக்கும், குறுணல் ஏன் குறைந்தது என்ற வினாவுக்கும் விடை ஒன்றே என்று நான் கூறியது இதனாலாம்.

முரடான துலக்கி வேண்டியிருப்பதன் காரணமும் இப்பொழுது வெளியாகின்றது. முதற் கரைசல் உண்டாக்கும் வெள்ளி நாம் பார்க்கப்போகும் வெள்ளியன்று, அகற்றப்போகும் வெள்ளி. ஒளிபட்ட பளிங்குகளில் ஒன்றையும் எஞ்சவிடாது முற்றாகத் துலக்குவதே அதன் கடமை. மென்மையான துலக்கி பாதி வேலையில் நின்றுவிட்டால், துலங்காத பெரிய பளிங்குகள் எஞ்சி, பின்னர் வெளிறிய பகுதிகளில் அழுக்குத்திரைபோற் கறுத்துக் கிடக்கும். தயோசயனேற்றுச் சேர்ப்பதும் இதற்காகவே. மிகுந்த ஒளி பட்ட இடத்திலுங்கூட ஒளியைப் பிடிக்கத் தவறிய நுண்பளிங்குகள் சில இருக்கும். அவற்றைக் கரைப்பான் கரைத்துத் தள்ளிவிட வெண்மை தெளிவடைகின்றது. ஆனால் அளவு மிஞ்சினால் அது நிழற்பகுதிகளில் எஞ்ச வேண்டிய பளிங்குகளையும் அரித்துவிடும். கறுப்புச் சாம்பலாக வெளிறும். இலீற்றருக்கு 2 கிராம் என்று கண்டிப்பாகக் கூறுவது அதனாலேதான்.

இம்முறையைச் சூரியமயமாக்கல் எனப்படும் வேறொரு முறையோடு சிலர் மயங்குவதுண்டு. துலக்கலின் நடுவிலே சிறிது வெளிச்சங் காட்டி, படத்தின் ஒரு பகுதியை மட்டும் நேர்மாறச் செய்து, உருவங்களின் விளிம்பிற் கோடு தோன்றவைக்கும் உத்தி அது. நம் தீவின் பெரும் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற், 1944ஆம் ஆண்டில் மறைவதற்கு முன்னர், அவ்வுத்தியில் அரிய படங்கள் ஆக்கினார். அதிலே வெள்ளியைக் கரைத்து அகற்றும் படி கிடையாது. அஃது அழகுக்காகக் கையாளும் உத்தி. இஃது ஒழுங்கான ஓர் இரசாயன நடைமுறை.

இம்முறைக்கு உரிய விலையும் உண்டு. எதிர்ப்படத்தில் ஒளி சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாளிற் பதிக்கும்போது திருத்திக்கொள்ளலாம். நேர்மாற்று முறையில் அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஒளி கூடிப்போயிற்றா, எஞ்சுவதற்குப் பளிங்கு இராது, படம் வெளிறிவிடும். ஒளி குறைந்ததா, எல்லாம் எஞ்சிவிடும், படம் இருண்டுவிடும். கமெராவின் பின்னால் நிற்பவர் அளவறிந்து நிற்க வேண்டும்.

நம் நாட்டுச் சூழலில் மேலும் சில கருத்துக்குரியன. இத்தகைய சூத்திரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டவை. நம் குழாய்நீரும் கிணற்றுநீரும் அதற்கு மிக மேற்பட்ட வெப்பம் உடையன. வெப்பத்திலே துலக்கி விரைந்து ஓடும். செலற்றீன் ஊதி இளகும். கரைசலைப் பனிக்கட்டியாற் குளிர்விக்க வேண்டும். அன்றேல் செலற்றீன் ஊதாதிருக்கச் சோடியம் சல்பேற்றுச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கரையோரக் கிணறுகளின் உவர்நீர். உப்பிலுள்ள குளோரைட்டு அமிலக் கரைசலிற் கலந்தால், கரைய வேண்டிய வெள்ளி கரையாத வெள்ளிக் குளோரைட்டாகிச் சுருளிலேயே தங்கிவிடும். ஆகவே அக்கரைசலை வடித்த நீரில் ஆக்குவதே நன்று.

மூன்றாவது மிக முக்கியமானது. இருகுரோமேற்று கொடிய நஞ்சு, புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிற் தேங்கும் நிலத்தடி நீரே பெரும்பாலும் குடிநீர். முற்றத்தில் ஊற்றியது நாளை அயலவர் கிணற்றில் ஊறும். பாடசாலை ஒளிப்படக் கழகங்களில் மாணவர் இதனைச் செய்ய விரும்பினால் இருகுரோமேற்றை அவர்கள் கையிற் கொடுத்தல் தகாது. புண் கழுவவும் கிணற்றுநீரைச் சுத்தஞ் செய்யவும் முன்னோர் பயன்படுத்திய ஊதாநிறப் பளிங்காகிய பொற்றாசியம் பரமங்கனேற்றும் அமிலத்தோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும். அது செலற்றீனைச் சற்று இளக்கும். கலந்த கரைசல் நெடுநேரம் நில்லாது. அவ்வப்போது கலந்துகொள்ள வேண்டும். அவ்வசதிக் குறைவுகள் பொறுக்கத்தக்கன. எந்தக் கரைசலாயினும் அமிலத்தை நீரில் மெல்ல விடுவதன்றி, நீரை அமிலத்தில் விடலாகாது. இவ்வேலையை ஆசிரியர் முன்னிலையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே செய்தல் வேண்டும்.

இரசாயனம் கற்றோர்க்கே இவையெல்லாம் உரியன என்று கலைத்துறை மாணவர் ஒதுங்க வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த கொடக்குறோம் என்னும் வர்ணச் சுருளும் நேர்மாற்று முறையில் அமைந்ததே. அதனை ஆக்கிய லியோபோல்ட் மன்னெஸ், லியோபோல்ட் கொடவ்ஸ்கி ஆகிய இருவரும் சங்கீத வித்துவான்கள். ஒருவர் பியானோ வாசிப்பவர், மற்றவர் வயலின் வாசிப்பவர். இருட்டறையில் நேரத்தை அளப்பதற்கு அவர்கள் இசைப் பகுதிகளைச் சீழ்க்கையடித்தனர் என்று சொல்வார்கள். அச்சுருளின் உற்பத்தி 2009ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. கறுப்பு வெள்ளை நேர்மாற்றுச் சுருள்கள், ஒருகாலத்திற் பல நாடுகளின் தொலைக்காட்சிச் செய்திகளைச் சுமந்தன. அச்சிடும் நேரம் மிச்சமானமையாற் காலையிற் பிடித்ததை மாலையிற் காட்ட முடிந்தது. இன்று அவற்றை ஆக்குவோர் உலகில் மிகச் சிலரே.

நிறைவாக ஒன்று. இந்த இரசாயனத்தை இவ்வளவு விரிவாகக் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. எதிர்ப்படம் கரைந்து போவது இம்முறையின் சிறப்பு என்றோம். அதுவே இதன் ஆபத்துமாகும். எதிர்ப்படம் இருந்தால், திரையில் ஓடிய பிரதி கெட்டாலும் மற்றொன்று பதிக்கலாம். நேர்மாற்றுச் சுருளிலோ, மூலமும் பிரதியும் அந்த ஒன்றே. ஒரு திருமணம், ஒரு தேர்த்திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டியொன்று, இன்று இல்லாத ஒரு தெரு, இன்று இல்லாத ஒருவரின் நடை: அவற்றைக் கண்ட ஒளி தொட்ட சுருள் உலகில் ஒன்றுதான் உண்டு. அது கெட்டால் மறுபடி பெற வழியில்லை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளின் படங்களை இழந்துவிட்ட மக்கள் நாம். எஞ்சியவற்றையாவது அறியாமையால் இழத்தல் ஆகாது.

ஆகையால் 8 அல்லது 16 மில்லிமீற்றர்ச் சுருளொன்று உங்கள் வீட்டு அலுமாரியில் அகப்பட்டால், அதனைக் குப்பையென்று எறியாதீர்கள். ஆர்வத்தாற் பழைய இயந்திரத்திற் பூட்டி ஓட்டிப் பார்க்கவும் முயலாதீர்கள். ஓரங்கள் கறுத்திருந்து, படம் நேராகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கமெராவினுட் சென்ற மூலச்சுருளே. நுனியை மெல்ல விரித்து மணத்திப் பாருங்கள். வினாகிரி மணம் எழுமாயின் அதன் அசற்றேற்று அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களுக்கும் அது பரவும். உடனே பிரித்து வையுங்கள். ஈரக்கசிவு செலற்றீனிற் பூஞ்சணத்தை வளர்க்கும். ஆதலாற் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். தக்கவர்களைக் கொண்டு இலக்கமுறைப் பிரதியொன்று எடுப்பித்த பின்னரும் மூலத்தை எறியாதீர்கள். டப்பாவின்மேல் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். அதனைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுதிக் கொள்ளுங்கள். வெள்ளி மணிகள் உருவத்தைக் காத்துத் தரும். பெயரை நாமே எழுதிவைத்தல் வேண்டும்.